ஐந்து நிமிடத்துக்குள் சாப்பிட வேண்டிய பீட்சா: நேப்பிள்ஸில் குடும்பத்தோடு ஐந்து நாள்

நவம்பர் 1, வெள்ளி, இரவு

இத்தாலியின் நேப்பிள்ஸில் ரயிலை விட்டு இறங்கும்போது மணி எட்டரை. நாலு பேர்: பெரியவர்கள் இருவர், எட்டு வயதுப் பெண், சுத்த சைவமான பாட்டி. பசி வயிற்றைக் கிள்ளியதால் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே, வாசலில் படம் போட்ட மெனு வைத்திருந்த ஒரு கடையில் உட்கார்ந்தோம். நேப்பிள்ஸில் முதல் பீட்சாவை இப்படிச் சாப்பிடக் கூடாது என்பதற்கு அந்த ஒரு மணி நேரமே சாட்சி.

பில்லில் ஆளுக்கு 3 யூரோ ‘கோப்பெர்த்தோ’. மேசையில் உட்காருவதற்கான கட்டணம் அது. சட்டப்படி சரிதான், ஆனால் மெனுவில் எழுதியிருக்க வேண்டும். அந்த மெனுவிலும் இருந்தது, கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில். நகருக்குள் நல்ல கடைகளில் இது 1 முதல் 2 யூரோதான், சில கடைகளில் அதுவும் இல்லை. தண்ணீருக்குத் தனிக் காசு. குழாய்த் தண்ணீர் யாரும் தானாகக் கொண்டுவருவதில்லை.

காசை விடப் பெரிய நஷ்டம் இன்னொன்று. முதல் பீட்சா வந்ததும், எல்லாருக்கும் வரட்டும், சேர்ந்து சாப்பிடலாம் என்று காத்திருந்தோம். நம் வீட்டுப் பழக்கம் அதுதானே. நாலாவது தட்டு வர எட்டு நிமிடம் ஆயிற்று. அதற்குள் முதல் பீட்சாவின் சீஸ் உறைந்து தோலாகிவிட்டது. நடுவில் தக்காளித் தண்ணீர் தேங்கி மாவு ஊறிப்போனது. ஓரம் ரப்பராக இழுத்தது. இந்த ஊர்ப் பீட்சாவுக்கு உயிர் தட்டில் ஐந்து நிமிடம்தான். தட்டு வந்தவர் உடனே சாப்பிட ஆரம்பித்துவிட வேண்டும். இங்கே அதை யாரும் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை. பக்கத்து மேசைகளில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

நவம்பர் 2, சனி

இந்தப் பயணமே தா மிக்கேலே என்கிற பீட்சாக் கடைக்காகத்தான். கொந்துர்ரோ குடும்பத்தார் 1870-இல் தொடங்கியது. செசாரே செர்சாலே தெருவில் இப்போது இருக்கும் இடத்தில் 1930 முதல் நடக்கிறது. பல பத்தாண்டுகள் மார்கெரீத்தா (தக்காளியும் சீஸும் போட்டது), மரினாரா என்று இரண்டே வகைதான் போட்டார்கள். இப்போது ஒன்றிரண்டு கூடியிருந்தாலும், வருகிற கூட்டம் அந்த இரண்டுக்காகத்தான் வருகிறது.

முந்தின நாள் எல்லாப் புனிதர் திருநாள், விடுமுறை. அது வெள்ளிக்கிழமையில் விழுந்ததால் இத்தாலிக்காரர்களே மூன்று நாள் லீவில் குடும்பத்தோடு இறங்கியிருந்தார்கள். நேப்பிள்ஸுக்குத் தேதி குறிக்கிறவர்கள் இத்தாலிய விடுமுறை நாட்களையும் பார்த்துக்கொள்வது நல்லது.

வரிசையில் நிற்கும் வழக்கம் அங்கே இல்லை. வாசலில் நிற்பவரிடம் எத்தனை பேர் என்று சொன்னால் எண் போட்ட ஒரு துண்டுச் சீட்டு தருவார். வாங்கிக்கொண்டு தெருவில் நிற்க வேண்டியதுதான். கூப்பிடுவது இத்தாலிய மொழியில். நாங்கள் போனது 12 மணிக்கு; கையில் 58, உள்ளே போய்க்கொண்டிருந்தது 21. சீட்டு வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, உங்கள் எண்ணை இத்தாலிய உச்சரிப்பில் மனப்பாடம் செய்வது. 58 என்றால் ‘சிங்குவாந்தோத்தோ’. அதைச் செய்யாமல் மூலையில் இருந்த கடைக்குக் காப்பி குடிக்கப் போனோம், எண் தாண்டிவிட்டது. சீட்டைக் காட்டியதும் வாசலில் இருந்தவர் பாட்டியைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்துக் காலியான மேசைக்குக் கையைக் காட்டினார். காத்திருந்த கூட்டத்தில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு பெண்மணி நகர்ந்து, பாட்டி உள்ளே போக வழி விட்டார்.

மொத்தம் ஒரு மணி பத்து நிமிடம். இரண்டு பேராகப் போனால் சீக்கிரம் இடம் கிடைக்கிறது, மற்றவர் மேசையில் ஒட்டிக்கொள்ளலாம். நாலு பேருக்குச் சேர்ந்து இடம் வேண்டுமென்றால் தாமதம்தான். கடை 11 மணிக்குத் திறக்கிறது. பெரியவர்களோடு போகிறவர்கள் பத்தே முக்காலுக்கு வாசலில் நின்றுவிடுங்கள். உட்கார்ந்து சாப்பிட வேண்டாம் என்றால் அட்டைப் பெட்டியில் பார்சல் வாங்கலாம், அது சீக்கிரம் கிடைக்கும். ஆனால் மூடிய பெட்டியில் ஆவி அடங்கி மாவு நமுத்துவிடும். பார்சல் வாங்கினால் வாசலிலேயே பெட்டியைத் திறந்துவிட வேண்டும்.

உள்ளே பளிங்கு மேசை, நெருக்கியடித்து நாற்காலிகள். அடுப்பு எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கிறது. மேசை கிடைக்கும்போது கேட்டு வாங்கியாவது அடுப்பைப் பார்த்து உட்காருங்கள். பரோட்டா மாஸ்டர் வேலை செய்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கைவேகம் உடனே புரியும், ஆனால் வேலை நேர் எதிர். பரோட்டாவில் எண்ணெய் விட்டு வீசி மாவை ஓரம் வரை மெல்லிசாக இழுக்கிறார்கள். இங்கே உருண்டைக்குள் இருக்கும் காற்றை ஓரத்துக்குத் தள்ளிப் பாதுகாக்கிறார்கள்.

நன்றாகக் கவனித்தது இது. உலர்மாவு தூவிய பளிங்கின் மேல் உருண்டையை வைத்து, இரு கை விரல்நுனிகளாலும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்துகிறார். விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் மட்டும் தொடுவதே இல்லை. அந்தத் தொடாத பகுதிதான் அடுப்பில் பூரியாக உப்பி ‘கொர்னிச்சோனே’ ஆகிறது. திருப்பிப் போட்டு அதே மாதிரி. பிறகு ஒரு கையால் பிடித்து மறு கையின் மேல் தட்டித் தட்டி விரிக்கிறார். இரண்டு மூன்று தட்டு, அவ்வளவுதான். குழவி கிடையாது, குழவி வைத்தால் ஓரத்துக் காற்று செத்துவிடும். தக்காளியை நடுவில் விட்டுக் கரண்டியின் அடியால் சுழித்துப் பரப்புகிறார், நாம் தோசை மாவைப் பரப்புகிற அதே சுழி. சீஸைப் பிய்த்துப் போட்டு, இரண்டு மூன்று துளசி இனத்து பேசில் இலை, மேலே ஒரு கோடு எண்ணெய்.

உண்மையான நேப்பிள்ஸ் பீட்சாவுக்கென்று 1984-இல் ஏற்பட்ட சங்கம் எழுதி வைத்திருக்கும் அளவுகள் இவை: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1.6 முதல் 1.8 கிலோ மாவு, 40 முதல் 60 கிராம் உப்பு, ஈஸ்ட் அதிகபட்சம் 3 கிராம். எண்ணெய், சர்க்கரை, பால் எதுவும் மாவில் சேராது. உருண்டை 200 முதல் 280 கிராம். விரித்த பிறகு நடுப்பகுதியின் கனம் கால் சென்டிமீட்டர், விட்டம் 35 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. தா மிக்கேலேவில் வருவது தட்டைத் தாண்டித் தொங்கும் பெரிய வகை. வண்டிச் சக்கரம் என்றே அதற்குப் பெயர். ஓரம் மெல்லியதாகவே இருக்கும். படங்களில் பார்க்கும் குண்டு ஓரத்தை இங்கே எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

அடுப்பில் இருப்பது 60 முதல் 90 விநாடி. விறகு எரிந்து மேல்வளைவு 485 டிகிரி வரை சூடேறியிருக்கும். தளம் அதைவிடச் சற்றுக் குறைவு. ஒருவர் நீளக் கம்பிக் கரண்டியால் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, பீட்சாவைச் சுழற்றி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கிறார். வேறு இடத்தில் வைத்தால் அங்கே தளம் இன்னும் ஆறாமல் கொதித்துக்கொண்டிருக்கும், அடி கருகிவிடும். இந்தச் சூட்டில்தான் மேலே சிறுத்தைப் புள்ளிகள் விழுகின்றன, உள்ளே ஈரம் வற்றுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. வீட்டு ஓவன் 250 டிகிரிதான் போகும், ஏழெட்டு நிமிடம் வைக்க வேண்டியிருக்கிறது; அதற்குள் ஈரமெல்லாம் வற்றி மொறுமொறுப்பாகிவிடுகிறது. மாவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

நடு வேகவில்லையே என்று முதலில் தோன்றும். வெந்துதான் இருக்கிறது. தக்காளி ஈரமும் சீஸ் விடும் நீரும் எண்ணெயும் சேர்ந்து நடுவில் குழம்பாக நிற்பதே இதன் இயல்பு. பிடிக்காதவர்கள் ஆர்டர் சொல்லும்போதே ‘பென் கோத்தா’ என்று சொல்லிவிட்டால் சில விநாடி கூட வைத்து எடுப்பார்கள். வெட்டாமல் முழுதாகத்தான் வரும். கத்தியும் முள்கரண்டியும் வைத்து நாலாக வெட்டி, நுனியை உள்பக்கம் மடித்து, பிறகு நீளவாக்கில் மடித்துக் கையில் எடுத்தால் ஒழுகாது. குழந்தைக்கு முதலில் ஓரத்துப் பக்கமிருந்து பிய்த்துக் கொடுங்கள், நடு நாக்கைச் சுட்டுவிடும்.

பாட்டிக்கு மரினாரா. பெயரில் கடல் இருப்பதைப் பார்த்து மீன் என்று பயப்பட வேண்டாம். தக்காளி, பூண்டு, ஒரெகானோ, எண்ணெய், இவ்வளவுதான். சீஸே கிடையாது. சீஸ் இல்லாத பீட்சா என்ன பீட்சா என்று இருந்தோம். கடைசியில் மேசையில் முதலில் காலியானது அந்தத் தட்டுதான். சீஸ் மறைக்காததால் தக்காளியின் புளிப்பும் இனிப்பும் நேராக நாக்கில் இறங்குகின்றன. பூண்டைச் சீவிப் பச்சையாகப் போட்டு அடுப்பில் விடுவதால் வாசனை நம் வீட்டுத் தாளிப்புக்குக் கிட்டே வருகிறது.

நாங்கள் போனபோது விலை பீட்சா 5, 6 யூரோ, நம் காசுக்கு 500 ரூபாய் அளவில். உலகப் பெயர் பெற்ற கடை, நாலு பேர் தண்ணீரோடு சாப்பிட்டு 30 யூரோவுக்குள் எழுந்தோம். முந்தின இரவு கொடுத்தது 64.

நவம்பர் 3, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களுக்கும் தொல்லியல் இடங்களுக்கும் கட்டணமில்லை. எரிமலை வெடித்துப் புதைந்துபோன பழைய ரோம நகரமான பொம்பேயும் அதில் சேர்த்தி. இலவசம் என்றால் கூட்டமும் அதற்கேற்ப.

ரயிலில் தவறு செய்தோம். கரிபால்தி நிலையத்திலிருந்து சொர்ரெந்தோ போகும் வண்டியில் ஏறி ‘பொம்பெய் ஸ்காவி’ நிலையத்தில் இறங்க வேண்டும். அதே நடைமேடைக்கு வரும் பொஜ்ஜோமரீனோ வண்டியில் ஏறிவிட்டோம். அது வேறு தடத்தில் போய் ‘பொம்பெய் சாந்துவாரியோ’ நிலையத்தில், இன்றைய ஊருக்குள் இறக்கிவிட்டது. அங்கிருந்து வட்ட அரங்குப் பக்க வாசலுக்குப் பத்து நிமிட நடை. பெரிய வாசலை விட அங்கே கூட்டம் குறைவு என்பதால் இழந்த நேரம் திரும்பக் கிடைத்தது. நவம்பரில் மாலை 5 மணிக்கு மூடுகிறார்கள், கடைசி அனுமதி மூன்றரைக்கு. கல் பாவிய தெருக்களில் வண்டிச் சக்கரத் தடம் பள்ளமாக விழுந்திருக்கும். வயதானவர்களுக்கு நல்ல பிடிப்புள்ள செருப்பு அவசியம். வெயில் இதமாக இருந்தது, மதியம் சுமார் இருபது டிகிரி.

பீட்சாவுக்காக வந்தவர்கள் பொம்பேயில் பேக்கரிகளைத் தேடிப் பாருங்கள். எரிமலைக் கல்லில் செய்த, இடுப்பளவு உயரமுள்ள திரிகைகள், பக்கத்தில் செங்கல் வளைவு அடுப்பு. நேற்றுக் கடையில் பார்த்த அடுப்பின் வாயும் வளைவும் அப்படியே இருக்கின்றன. மோதெஸ்துஸ் பேக்கரி என்று பெயர் பெற்ற ஒன்றின் அடுப்பைத் திறந்தபோது கி.பி. 79-இல் வெளியே எடுக்கப்படாமல் போன 81 ரொட்டிகள் கரியாகிக் கிடந்தன. பக்கத்தில் நின்ற உள்ளூர்த் தாத்தா ஒருவர் தன் பேரனுக்கு அடுப்பைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் பெண் எட்டிப் பார்த்ததும் அவளையும் தூக்கிக் காட்டினார்.

2023-இல் இங்கே ஒரு வீட்டுச் சுவரில் வெளிப்பட்ட ஓவியத்தைப் பண்டைய பீட்சா என்று உலகமே பேசியது. வெள்ளித் தட்டில் ஒரு தட்டை ரொட்டி, மேலே பழங்கள், பக்கத்தில் ஒயின் கிண்ணம். தக்காளி அமெரிக்காவிலிருந்து வந்து சேர இன்னும் பதினைந்து நூற்றாண்டு இருந்தது. மொஸரெல்லா சீஸும் இல்லை. பீட்சா என்று சொல்வது தகாது, பீட்சாவின் தூரத்துப் பாட்டி எனலாம்.

இரவு நகரில் நின்றபடி ‘போர்த்தாஃபோலியோ’. சின்னப் பீட்சாவை நாலாக மடித்துக் காகிதத்தில் சுற்றிக் கையில் தருவது, 2 யூரோ. முனை கீழே இருக்கும்படி பிடித்து, விரிந்த பக்கத்திலிருந்து கடிக்க வேண்டும். முனையில் எண்ணெய் சேரும், காகிதத்தைக் கடைசி வரை உரிக்காதீர்கள்.

நவம்பர் 4, திங்கள்

காலையில் சாந்தன்னா தி பலாட்சோ ஏற்றத்தில் இருக்கும் ‘பிராந்தி’ என்ற பெயருள்ள பீட்சாக் கடை. 1889-இல் இங்கே பீட்சா போட்ட ரஃபாயேலே எஸ்போசீத்தோ, இத்தாலி அரசி மார்கெரீத்தாவுக்கு நாட்டுக் கொடியின் சிவப்பு, வெள்ளை, பச்சையில் பீட்சா செய்து கொடுத்தார், அரசி பெயரே நிலைத்தது என்பது கதை. நூற்றாண்டு நினைவாக 1989-இல் பதித்த கல் சுவரில் இருக்கிறது. அரண்மனையிலிருந்து வந்த நன்றிக் கடிதம் உண்மையானதா என்று வரலாற்றாய்வாளர்கள் ஐயப்படுகிறார்கள். தக்காளி, மொஸரெல்லா, பேசில் போட்ட பீட்சா அதற்கு முன்பே நகரில் இருந்திருக்கிறது. கல்லைப் பார்த்துவிட்டு நடந்தோம்.

மதியம் த்ரிபுனாலி தெரு. இரு பக்கமும் பீட்சாக் கடைகள், நடுவில் ஸ்கூட்டர்கள், மேலே துணிக்கொடி. நாலாவது மாடியிலிருந்து ஒரு அம்மா கயிற்றில் கூடையை இறக்கினார். கீழே கடைக்காரர் பழம் வைத்து, கூடையில் இருந்த பணத்தை எடுத்துக்கொண்டு சில்லறையைப் போட்டார். ஸ்கூட்டருக்கு ஒதுங்கும்போது சுவரோரமாக நின்றுவிடுங்கள், இடது வலது மாறி ஓடினால்தான் ஆபத்து.

சைவக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதை இந்தத் தெருவில்தான் முழுக்கத் தெரிந்துகொண்டோம்.

பீட்சா மாவில் கொழுப்பு கிடையாது என்பதால் அது பிரச்சினையில்லை. பிரச்சினை மற்றவற்றில். எருமைப்பால் மொஸரெல்லா, பார்மிஜானோ, பெக்கொரீனோ ஆகிய சீஸ் வகைகளில் பாலைத் திரிப்பது கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள். அதைக் கண்டிப்பாகத் தவிர்ப்பவர்களுக்கு மரினாராதான் வழி. மார்கெரீத்தாவின் மேல் துருவிய கடின சீஸ் தூவும் கடைகளும் உண்டு. பொரித்த பீட்சா இந்த ஊரின் செல்லப் பிள்ளை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பஞ்சத்தில் அடுப்பும் சீஸும் எட்டாத வீடுகளில் பரவியது, சாப்பிட்டு எட்டு நாள் கழித்துப் பணம் கொடுக்கலாம் என்று விற்றார்களாம். அதன் உள்ளே ரிக்கோத்தா என்ற மெத்தென்ற சீஸோடு ‘சிக்கோலி’ இருக்கும், பன்றிக் கொழுப்பு வறுவல். ‘சென்ஸா சிக்கோலி’ என்றால் விட்டுவிடுவார்கள், ஆனால் பொரிக்கிற எண்ணெய் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். மிளகு போட்ட மொறுமொறு தாரல்லி நம் முறுக்குக்குத் தம்பி போல் இருக்கும். பன்றிக் கொழுப்பில் பிசைந்தது. அடுக்கடுக்கான ஸ்ஃபொல்யாத்தெல்லா இனிப்பிலும் வழக்கமாக அதுவே. பாட்டி ஆசையாக ஒன்றைக் கையில் எடுத்திருந்தார். அவர் சைவம் என்று தெரிந்ததும் அந்தக் கடைக்காரம்மா தானே திரும்ப வாங்கிக்கொண்டு, உரித்த ஆரஞ்சு ஒன்றைக் கையில் வைத்தார். காசு வாங்கவில்லை.

பெயர்களிலும் கவனம். ‘பெப்பெரோனி’ என்று மெனுவில் இருந்தால் குடைமிளகாய், இறைச்சியில்லை. காரம் வேண்டுமென்று ‘தியாவொலா’ சொன்னால் வருவது காரமான பன்றித் தொத்திறைச்சி. ‘ரோமானா’ என்று நேப்பிள்ஸில் எழுதியிருந்தால் நெத்திலி இருக்கும். அதே பீட்சாவுக்கு ரோமில் பெயர் ‘நப்பொலெத்தானா’.

காப்பி பாரில் நின்று குடித்தால் ஒன்றேகால் யூரோ அளவில், உட்கார்ந்தால் கூடும். காப்பிக்கு முன் ஒரு சின்னத் தம்ளரில் தண்ணீர் வைப்பார்கள். அது வாய் சுத்தம் செய்துகொள்ள, முதலிலேயே குடித்துவிட வேண்டும்.

நவம்பர் 5, செவ்வாய்

பொம்பேயின் கரியான ரொட்டியை நேரில் பார்க்கத் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போனோம். செவ்வாய் விடுமுறை. பொம்பே பார்க்க வருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் கவூர் சதுக்கத்தின் பக்கம் இலங்கையர் கடைகள் இருக்கின்றன. இந்த நகரில் இலங்கையர் நிறையப் பேர் வாழ்கிறார்கள், பெரும்பாலும் சிங்களவர். நாலு நாள் மைதாவுக்குப் பிறகு பருப்பும் சோறும் பார்த்ததும் பாட்டிக்கு முகம் மலர்ந்தது. “அம்மா, உறைப்பு கூடவா?” என்று தமிழில் கேட்டார் பரிமாறியவர், கொழும்பில் வேலை செய்த காலத்தில் கற்றுக்கொண்டாராம். அப்பளத்தை இரண்டாகவே வைத்தார்.

ஊருக்கு எடுத்துப் போக எருமைப்பால் மொஸரெல்லா வாங்கினோம். விமானத்தில் கைப்பையில் விடுவார்களா என்று பிறகுதான் சந்தேகம் வந்தது. பையில் இருக்கும் உப்புநீர் திரவக் கணக்கில் வரக்கூடும். நீரை வடித்துவிட்டால் சீஸ் காய்ந்து பாழாகும். அறையிலேயே முடித்துவிடலாம் என்று, பையைப் பிரிக்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வைத்தோம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே சாப்பிட்டால் சவசவவென்று ருசியே தெரியாது. கத்தியை வைத்ததும் வெள்ளையாகப் பால் கசிந்து தட்டில் பரவியது. உப்பு, மிளகு எதுவும் சேர்க்கவில்லை. விமானத்துக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.